அடுத்தவர் துணி சேராத போர்வை

அன்பு மகன் தினேஷுக்கு, மண்ணூரிலிருந்து உன் சித்தப்பா.

உன் பழைய நம்பருக்குப் போட்டால் இப்போது யாரோ ஒரு இந்திக்காரர் எடுக்கிறார். மரியாதையான மனிதர். நான் தமிழில் பேசுகிறேன், அவர் இந்தியில் பேசுகிறார், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் இதை உறையில் போட்டு ஒட்டாமல் ஊரே படிக்கிற மாதிரி எழுதுகிறேன். எழுதி முடித்ததும் செல்போன் கடைக்காரனிடம் கொடுத்துப் படம் பிடித்து, ஒரகடம் கம்பெனிப் பையன்கள் வைத்திருக்கிற எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போடச் சொல்லப்போகிறேன். நீ ஓசூரில் இருந்தாலும் சரி, புனேயில் இருந்தாலும் சரி, உன் லைனில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் ஒருவன் இல்லாமலா போவான்? அவன் காட்டுவான். "டேய், இது உன்னப் பத்தியா எழுதியிருக்குது?" என்று கேட்பான். ஆமாம் என்று சொல்லு.

உன்னைப் பெற்றவர் என் அண்ணன், வளர்த்தவன் நான். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு அப்பா பெயர் என்ன என்று கேட்டதற்கு என் பெயரைச் சொல்லிவிட்டு வந்தவன். வாத்தியார் சந்தேகமாகப் பார்த்தார். "மூக்கப் பாருங்க சார், அப்படியே அச்சு" என்றேன். அவர் உன் மூக்கையும் என் மூக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நான் படித்தது ஏழாவது, அதிலும் பாதி. ஆனால் அந்தப் பாதியை நான் படித்த மாதிரி இந்த வட்டாரத்தில் எவனும் படித்திருக்க மாட்டான். என் கையெழுத்தைப் பார், முத்து முத்தாக இருக்கிறதா? துணியில் பெயர் தைத்துத் தைத்து வந்த கை இது.

போர்வை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் கடிதத்தை ஊர் படிக்கப்போகிறதே, அவர்களுக்கும் தெரியட்டும். நான் தைப்பது ஒட்டுத்துணிப் போர்வை. கடையில் விற்க இல்லை. கல்யாணம் என்றால், பிள்ளை பிறந்தால், நம் ஆள் ஒருவன் ஊர் மாறிப் போனால், அவனுக்கு ஒன்று. யாருக்குப் போர்வையோ, அவருக்கு வேண்டிய எல்லோர் வீட்டுக்கும் போய் ஆளுக்கு ஒரு பழைய துணி வாங்குவேன். உன் சித்தியின் பூப்போட்ட நைட்டி, எதிர்வீட்டுக் குட்டியின் பள்ளிக்கூடப் பாவாடை, திரைச்சீலை, தலையணை உறை, கம்பெனிச் சட்டை, எது கிடைத்தாலும் சரி. உள்ளே இரண்டு பழைய வேட்டி, பின்பக்கம் ஒரு சேலை, மேலே கையகலம் கையகலமாகத் துண்டுகள். பெர்மனென்ட் ஆளின் நீலச் சட்டைக்குப் பக்கத்திலேயே கான்ட்ராக்ட் ஆளின் சாம்பல் சட்டையை வைத்துத் தைப்பேன். கேன்டீனில் ஒரே மேஜையில் உட்காராதவர்கள் என் போர்வையில் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒரு போர்வையில் இரண்டு கட்சித் துண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, கல்யாண வீட்டில் மாமனும் மச்சானும் அடித்துக்கொண்ட கதை உனக்கு நினைவிருக்கும். அடித்துக்கொண்டது சோற்றுக்கு என்று சிலர் சொல்வார்கள். நம்பாதே, என் போர்வைக்குத்தான்.

கொரியாக்காரர் கதையையும் நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கொடியில் காய்ந்த போர்வையைப் பார்த்து அவர் காரை நிறுத்தி இறங்கினார். குனிந்து கும்பிட்டார். தன் நாட்டு ராஜாவுக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டார். உன் சித்தி மட்டும் ஒவ்வொரு முறையும் அடுப்படியிலிருந்து குறுக்கே வருவாள்.

"டயரு பஞ்சருய்யா. ஜாக்கி வைக்க குனிஞ்சாரு அந்த மனுசன். நீ போயி மூஞ்சிக்கு நேரா போர்வையைப் புடிச்ச. அவரு இன்னா பண்ணுவாரு, கும்புடு போட்டாரு."

"ராஜாவுக்குக் கேட்டாரா இல்லயா?"

"தண்ணி கேட்டாரு."

நீயும் உன் சிநேகிதன் அருளும் வாசலில் உட்கார்ந்து சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன். ஊரே அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தது. கதை என்றால் நாலு பூ வேலை இருந்தால்தான் கேட்கிறவனுக்குச் சுவை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பூ வேலை என் கழுத்தைப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

வாலாஜாபாத்துப் பெண்ணை உனக்கு நிச்சயம் செய்ததும் உன் கல்யாணப் போர்வையைத் தொடங்கினேன். உன் சிநேகிதர்கள் எல்லோரும் துணி கொடுத்தார்கள். அருள் தன் சாம்பல் சட்டையையே கொடுத்தான். சட்டைப் பையில் 'அருள்' என்று மஞ்சள் நூலில் நான் தைத்தது. துணி மாற்றும் அறையில் எல்லாச் சட்டையும் ஒரே நிறமாக இருந்து கலந்துபோகிறது என்று, உங்கள் லைன் பையன்கள் எல்லோருக்கும் நான்தானே பெயர் தைத்துக் கொடுத்தேன்.

"சித்தப்பா, என் பேரை நல்ல எடமா பாத்து நடுவுல வையி" என்றான்.

"நடு மாப்பிள்ளைக்குடா. நீ இன்னா மாப்பிள்ளையா?"

"அப்ப அவன் பக்கத்துல வையி. கால்மாட்டுல வச்ச, தினேஷு மிதிச்சிகினே தூங்குவான். அவன் காலு ஒரு நாத்தம், என் பேரு தாங்காது."

உன் பக்கத்தில்தான் வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ இல்லாத பக்கத்திலிருந்து சொல்கிறேன், கேள். காலையில் நீ ஓவர்டைம் வேலை என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பினாய். நான் உன் கல்யாணப் போர்வைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். நீ போனது அருள் வீட்டுக்கு. அங்கே உன் சட்டையையும் கம்பெனிக் கார்டையும் அவனிடம் கொடுத்துவிட்டு, அவனுடைய நல்ல கட்டம்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வாலாஜாபாத்துக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனாய். அதில் ஒன்றும் தப்பில்லை. உன் வயதில் நானாக இருந்தால் காலையில் இல்லை, முந்தின நாளே போயிருப்பேன். அருளுக்கு அன்றைக்கு லீவு. அவன் அம்மா லூர்தம்மா சர்ச்சில் பூசைக்குக் கூப்பிட்டிருக்கிறார். "தினேஷுக்காக ஒரு ஷிப்டு நிக்கறேம்மா. சூப்பர்வைசருக்கும் தெரியும். ஆள் கொறஞ்சா லைன் நிக்குமாம், யாரு வந்தா இன்னான்னு அவருதான் சொன்னாரு. மூஞ்சிய யாரு பாக்கறா, மெஷினு கார்டைத்தான் பாக்குது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். லூர்தம்மா திட்டியிருக்கிறார். பூசையை விட்டுவிட்டுச் சிநேகிதனுக்கு உழைக்கிறாயே என்று.

மதியம் எனக்கு போன் வந்தது. "தினேஷ் வூடுங்களா? கார்டுல இந்த நம்பர்தான் கீது. இரும்புக் கூடை சரிஞ்சிடுச்சுங்க. ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க." உயிர் இருக்கிறதா என்று கேட்டேன். "வாங்க, வாங்க" என்று வைத்துவிட்டான். உன் போனுக்குப் போட்டேன், அணைத்து வைத்திருந்தாய். ஷிப்டில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் எனக்கு வேறு சந்தேகம் வரவில்லை. உன் சித்தி அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் செருப்பு மாட்ட வரவில்லை, வலது செருப்பை இடது காலில் போட்டுக்கொண்டு தெருவில் நின்றேன். பூசை முடிந்து வந்த லூர்தம்மாதான் என்னைப் பார்த்து, ஆட்டோவை நிறுத்தி, ஏற்றி, கூடவே ஏறிக்கொண்டார். வழி முழுக்க என் கையைப் பிடித்திருந்தார். "ஒண்ணும் ஆயிருக்காது அண்ணே. மாதா அப்படிக் கைவுட மாட்டாங்க. நான் சொல்றன் பாருங்க" என்றார். தன் பிள்ளை போட்டிருப்பது உன் சட்டை, கையில் இருப்பது உன் கார்டு என்பது அவருக்கு அந்த நேரத்தில் உறைக்கவே இல்லை. தினேஷுக்கு அடி என்று காதில் விழுந்தது, தினேஷ் என்றே நினைத்துவிட்டார். எனக்காக அழுதுகொண்டு வந்தார்.

நேரே பிணவறைக்கு அழைத்துப் போனார்கள். போர்த்தியிருந்த துணி விலகி முதலில் சட்டைதான் தெரிந்தது. பையில் மஞ்சள் நூலில் உன் பெயர். என் கை வேலை எனக்குத் தெரியாதா? கடைசி எழுத்தின் மேல் ஒரு சுழி அதிகமாகப் போடுவேன். அந்தச் சுழி இருந்தது. ஊழியர் முகத்துத் துணியை எடுத்தார். நீ இல்லை.

தினேஷ், நான் அப்போது செய்ததை எந்தப் பூவும் போடாமல் சொல்கிறேன். நான் சிரித்தேன். கையைத் தட்டினேன். "எம்புள்ள இல்ல! எம்புள்ள இல்ல சார்!" என்று கத்தினேன். படுத்திருப்பது யார் என்று நான் பார்க்கவில்லை. நீ இல்லை என்பதோடு என் கண் நின்றுவிட்டது. திரும்பி, பின்னால் நின்ற லூர்தம்மாவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி, "லூர்தம்மா, நம்ம தினேஷு இல்லம்மா, வேற யாரோ!" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் நவுருங்க" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் நகர்ந்தேன்.

அருளின் அடக்கத்துக்கு நீ வந்தாய். கல்லறைச் சுவரோரம் நின்றாய், அவனுடைய கட்டம்போட்ட சட்டையிலேயே. மாற்றிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை உனக்கு. லூர்தம்மா அந்தச் சட்டையைப் பார்த்தார். மறுநாள் கான்ட்ராக்டரின் ஆள் நம் வீட்டுக்கு வந்தான், வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உன் எதிரில் உட்கார்ந்தான்.

"தம்பி, பெரிசா ஒண்ணுமில்ல. கார்டு காணாம பூடுச்சு, யாரு எடுத்தான்னு தெர்ல. இந்த ஒரு வார்த்த. அவன் எடுத்துகினு உள்ள பூந்துட்டான். உனக்கும் பிரச்சன இல்ல, எங்களுக்கும் இல்ல. கல்யாணம் வச்சிகினு கீற. கார்டை நான்தான் குட்த்தேன்னு சொல்லி வச்சியானா, உன்னத்தான் மொதல்ல புடிப்பாங்க. இந்த ரோட்டுல எந்தக் கம்பெனியும் உன்ன உள்ள சேக்காது."

நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவனை நான் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினேன் என்று தெருவில் சொல்லியிருக்கிறேன். நீ அங்கேதானே இருந்தாய். உன் சித்தியிடம் அவனுக்கு இன்னொரு டீ போடச் சொன்னேன். மறுநாள் விடிந்தபோது உன் பை இல்லை, நீயும் இல்லை. அவன் கேட்ட வார்த்தையை நீ கொடுத்துவிட்டுப் போனாயா, கொடுக்காமல் போனாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொடுக்காமல் போயிருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நீ வாயைத் திறக்காமல் போனதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. கார்டைத் திருடிக்கொண்டு உள்ளே போனவன் என்று அருளைச் சொல்லிவிட்டார்கள். சூப்பர்வைசர் தனக்கு ஒன்றுமே தெரியாது என்கிறார்.

அது தெருவோடு நிற்கவில்லை. லூர்தம்மா தண்டலத்தில் காலேஜ் ஹாஸ்டல் பெருக்குகிறவர் அல்லவா, அங்கேயும் போய்விட்டது. அங்கே படிக்கிற பெண் ஒருத்தியின் இயர்போன் காணாமல் போயிருக்கிறது. முன்பெல்லாம் எது காணாமல் போனாலும் லூர்தம்மாவைத்தான் தேடித் தரச் சொல்வார்கள். இந்த முறை அவர் பையைக் கொட்டச் சொல்லியிருக்கிறார்கள். கூட வேலை செய்கிறவளே, "புள்ளைக்கு அந்தப் புத்தி எங்கேர்ந்து வந்துதோ" என்று காதுபடச் சொல்லியிருக்கிறாள். இயர்போன் அந்தப் பெண்ணின் தலையணைக்குள்ளேயே இருந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். கொட்டியதை அவரே பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு மிச்ச வராந்தாவைப் பெருக்கியிருக்கிறார்.

கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கான்ட்ராக்டர் ஆபீசுக்குப் போனேன். என் பேச்சுத்தான் உனக்குத் தெரியுமே. நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். சட்டை மாற்றியது, கார்டு கொடுத்தது, அருள் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனது, எல்லாம். அன்றைக்கு நான் பேசியதில் ஒரு பொய்கூட இல்லை, என் வாழ்க்கையிலேயே நான் அப்படிப் பேசியதில்லை. அந்த வெள்ளைச் சட்டைக்காரன் முழுவதும் கேட்டான். கேட்டுவிட்டு, "பெரியவரே, கொரியா ராஜாவுக்குப் போர்வை தச்சவரு நீங்கதான?" என்றான். ஆபீசே சிரித்தது. தண்ணி கேன் போட வந்தவன்கூடச் சிரித்தான். "பசங்க சொல்வானுங்க, செம காமெடி சார் நீங்க" என்று ஒருவன் எனக்கு நாற்காலி போட்டான். நான் உட்காராமல் வந்துவிட்டேன்.

லேபர் ஆபீசுக்கும் லூர்தம்மாவோடு போனேன். அங்கிருந்த அதிகாரி அம்மா சிரிக்கவில்லை, பொறுமையாகக் கேட்டார். "நீங்க நேர்ல பாத்தீங்களா ஐயா?" என்றார். நான் பார்க்கவில்லை. பிறகு லூர்தம்மா பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க பெத்தவங்க, நீங்க சொல்றத அவங்க ஏத்துக்க மாட்டாங்க. கார்டு யாருதோ அவரு வந்து நான்தான் குடுத்தேன், சூப்பர்வைசர் சொல்லித்தான் குடுத்தேன்னு சொல்லட்டும். அப்பதான் மேல நகரும்" என்றார். வாலாஜாபாத்துப் பெண் நீ அன்றைக்கு அவளோடு இருந்ததைச் சொல்லத் தயார் என்கிறாள், அவள் அப்பா வேண்டாம் என்கிறார். சொன்னாலும் நீ அங்கே இருந்தாய் என்றுதான் ஆகும். கார்டை யார் கொடுத்தது என்று ஆகாது. அதற்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு வாய்தான் இருக்கிறது. அது எந்த ஊரில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் லூர்தம்மா ஒரு மூட்டையோடு வீட்டுக்கு வந்தார். அருளின் துணி. "போர்வை தச்சிக் குடுங்க அண்ணே" என்றார். நான் உடனே பெரிய ஆள் மாதிரி ஆரம்பித்தேன். இந்த வட்டாரமே பார்க்காத போர்வையாக அடித்துவிடலாம், அவன் சிநேகிதர்கள் எல்லோரிடமும் துணி வாங்குகிறேன், சிவப்பு இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது என்றேன்.

"வேற யாருதும் வேணாம்ண்ணே. அவனுது மட்டும்."

"ஒட்டுப் போர்வைன்னா நாலு பேரு துணி சேரணும் லூர்தம்மா. அதான் அழகு. ஒருத்தன் துணியில நெறமே வராது."

"அழகு யாருக்கு வேணும்? அடுத்தவன் துணி ஒரு நூலுகூட அதுல இருக்கக்கூடாது. அடுத்தவன் சட்டையில பூந்தான், அடுத்தவன் சட்டையில செத்தான்னுதான சொல்றானுங்க. இதுல மேல கீழ மொத்தமும் அவனுதா இருக்கட்டும்."

"உள்ளுக்கு வேட்டி வைக்கணுமே?"

"அவனுக்கு ஏது வேட்டி? லுங்கி கீது, வையுங்க."

நூல் என்னுடையது என்பதுகூட அவருக்கு ஒப்பவில்லை. கடைக்குப் போய் அவரே நூல்கண்டு வாங்கி வந்து மிஷின் மேல் வைத்தார். இத்தனை வருடமாக ஊர்த் துணியெல்லாம் கலந்து தைத்தவன் நான். ஒரே ஒருவனின் துணியை மட்டும் தைப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, மகனே. சின்ன வயதில் சர்ச்சில் புதுநன்மை வாங்கப் போட்ட வெள்ளைச் சட்டை, அதில் ஒரு பொத்தான் இல்லை. பள்ளிக்கூடத்துக் கால்சட்டை. ஐடிஐ காக்கி. பின்னால் நம்பர் போட்ட பந்து விளையாடும் பனியன். ஒன்றை அடுத்து ஒன்றை வைத்தால் ஒரு பையன் வளர்வது தெரிகிறது, பிறகு சட்டென்று துணி தீர்ந்துவிடுகிறது. எவ்வளவு இழுத்துப் பரப்பினாலும் முழங்காலைத் தாண்டவில்லை.

அப்போதுதான் அவர் கண் கொடியில் கிடந்த உன் கல்யாணப் போர்வை மேல் போனது. நடுவில் உன் பெயர், பக்கத்தில் அவன் பெயர். கிட்டே போய் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதையும் குட்த்துடுங்க."

உன் சித்தி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "லூர்து, அது கல்யாணப் போர்வைம்மா. பிரிச்சா ஆவாது. வேற எது வேணா கேளு."

லூர்தம்மா அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. உன் சித்தி தலையைக் குனிந்துகொண்டு, அவளே பிளேடை எடுத்து என் கையில் கொடுத்தாள். அருளின் துண்டை மட்டும் நான் பிரித்தேன். நெருக்கமாகத் தைப்பது என் பெருமை, அதனால் பிரிப்பதற்கு வெகுநேரம் ஆனது. உன் பெயருக்குப் பக்கத்தில் இப்போது உள்வேட்டி தெரிகிறது. வேறு துணி வைத்து மூடிவிடலாம் என்று சித்தி சொல்கிறாள். நான் இன்னும் வைக்கவில்லை.

அருளின் துணியில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அது உன் உடம்பில் போனது. அந்தக் கட்டம்போட்ட சட்டையை அனுப்பச் சொல்லி எழுதட்டுமா என்று லூர்தம்மாவிடம் கேட்டேன். அது வந்தால் போர்வை கால்வரைக்கும் எட்டும் என்றேன்.

"வந்தா வருது. சட்ட வந்து பேசுமா?" என்றார்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குச் சொல்ல நான் நிறைய புத்திமதி சேர்த்து வைத்திருந்தேன். மாமனார் வீட்டில் முதல் நாள் எப்படி உட்கார வேண்டும் என்பதுவரை. அதெல்லாம் இப்போது வரமாட்டேன் என்கிறது. உன் பயம் எனக்குத் தெரியும். கார்டைக் கொடுத்தது குற்றம் என்று உன்னைப் பிடிக்கலாம். அந்த வெள்ளைச் சட்டைக்காரன் சொன்ன மாதிரி ஒரகடத்தில் ஒரு கேட்டும் உனக்குத் திறக்காமல் போகலாம். கல்யாணம் நின்றும் போகலாம். அப்படி ஒன்றும் நடக்காது, நான் பார்த்துக்கொள்கிறேன், கலெக்டரே எனக்குத் தெரிந்தவர் என்று எழுத என் கை துடிக்கிறது. எழுதவில்லை. நடக்கலாம். நடந்தால் நான் உன் கூட நிற்பேன், அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. நீ கொடுத்தது ஒரு சிநேகிதனிடம் ஒரு கார்டு, அவன் செய்தது ஒரு சிநேகிதனுக்காக ஒரு ஷிப்டு. இதில் திருட்டு எங்கே வந்தது? அதை நீ சொல்ல வேண்டும். என் வாயால் சொன்னால் காமெடி என்கிறார்கள்.

இதை எழுதும்போது லூர்தம்மா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார், போர்வைக்குக் கையால் ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டு. அவருக்குத் தெரியாமல் ஊருக்குப் போடக்கூடாது என்று மேலே உள்ள எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். பிணவறைப் பகுதியில் நான் நிறுத்தினேன். "படிங்க" என்றார், படித்தேன். அதற்குக் கீழே, உனக்குத் தைரியம் வரட்டும் என்று, 'லூர்தம்மா உன்னை மன்னித்துவிட்டார், பெற்ற பிள்ளையாகவே நினைக்கிறார்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதையும் வாசித்தேன். ஊசி நின்றது.

"யாருண்ணே சொன்னது?"

"புள்ள வரணுமே லூர்தம்மா. அப்படி இருந்தாத்தான் வருவான்."

"அடிங்க அத."

அடித்துவிட்டேன். எழுத்து தெரியாத அளவுக்கு அடித்திருக்கிறேனா என்று தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் சொல்றத எழுதுங்க, உங்க வார்த்த ஒண்ணுகூட சேக்காதீங்க என்றார்.

"மன்னிக்கல. அவன் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் புடிக்கல. வந்தாலும் நான் அவனாண்ட பேச மாட்டேன், என் வூட்டு வாசப்படி ஏற வேணாம். ஆனா வரணும். எம்புள்ள திருடன் இல்லன்னு சொல்றதுக்கு அவன் ஒருத்தன்தான் உசுரோட கீறான். ஆபீசுல வந்து சொல்லட்டும். சொல்லிட்டுப் போவட்டும்."

எழுதிவிட்டேன்.